41 வயது, கண்ணாடி, பிபி மாத்திரை: ஆர்22 பயிற்சிக்கு முன் சில சந்தேகங்கள்

காற்றாடி (கேள்வி)

வணக்கம். ஹெலிகாப்டர் பயிற்சியில் சேர இருக்கிறேன். முதலில் தனியார் பைலட் உரிமம், அது முடிந்ததும் வணிக உரிமம் என்பது திட்டம். பயிற்சி ராபின்சன் ஆர்22-இல் ஆரம்பித்து ஆர்44-க்கு மாறும். வயது 41, எடை 98 கிலோ. இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 3.5, கண்ணாடி போட்டால் தெளிவாகத் தெரிகிறது. பிபிக்கு ஆம்லோடிபின் 5 மி.கி. ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன்.

அ) இப்போதைக்கு கிளாஸ் 2 மெடிக்கல் (பைலட்டுக்கான மருத்துவத் தகுதிச் சான்று) எடுத்துவிட்டு, கிளாஸ் 1-ஐப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?
ஆ) கண்ணாடியும் மாத்திரையும் தடையாகுமா? பரிசோதனைக்கு எப்படித் தயாராகிப் போவது?
இ) ஆர்22 பற்றி எங்கே படித்தாலும் லோ-ஜி, மாஸ்ட் பம்பிங் என்று எச்சரிக்கிறார்கள். வலப்பக்கம் உருண்டால் சைக்ளிக்கை (ஹெலிகாப்டரைச் சாய்க்கும் கைப்பிடி) இடப்பக்கம் தள்ளாதே என்கிறார்கள். இடப்பக்கம் தள்ளுவதுதானே இயல்பு? ஏன் கூடாது என்று யாரும் விளங்கும்படி சொல்லவில்லை.

"பயிற்றுநர் சொல்லித் தருவார்" என்பதைத் தவிர எந்தப் பதிலும் சரி.

---

ஸ்டெத்

கிளாஸ் 1-ஐ முதலிலேயே எடுங்கள். பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்பே. தனியார் உரிமத்துக்கு கிளாஸ் 2 போதும் என்பது உண்மைதான். ஆனால் பாதித் தூரம் போன பிறகு நிறப்பார்வையிலோ இசிஜியிலோ சிக்கல் தெரியவந்தால் வணிக உரிமம் கைக்கெட்டாது. அதுவரை செலவழித்தது திரும்பியும் வராது. கிளாஸ் 1 இருந்தால் கிளாஸ் 2-இன் உரிமைகள் அதற்குள் அடங்கிவிடும்.

செல்லுபடிக் காலம், ஐகாவோவின் (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) அனெக்ஸ் 1 விதிகளின்படி: வணிக உரிமத்துக்கு 12 மாதம். 40 வயது தாண்டியவர் ஒற்றைப் பைலட்டாகப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வணிகப் பறப்பில் 6 மாதம். சிறிய ஹெலிகாப்டர் வேலைகளில் பெரும்பாலும் ஒரே பைலட்தான் என்பதால் உங்களுக்கு இந்த 6 மாதக் கணக்குதான் பொருந்தும். தனியார் உரிமத்துக்கு 40 வயது வரை 60 மாதம், 40 தாண்டினால் 24, 50 தாண்டினால் 12. நாட்டுக்கு நாடு சிறிய மாறுதல் உண்டு. உங்கள் நாட்டு ஆணையத்தின் விதியே இறுதி.

கண்: கிளாஸ் 1-க்கு ஒவ்வொரு கண்ணும் கண்ணாடியோடு 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 வேண்டும். கிளாஸ் 2-க்கு 6/12, 6/9. மைனஸ் 3.5 ஒரு பொருட்டே இல்லை. 41 வயதில் முதலில் தடுமாறுவது அருகுப் பார்வை. என்5 அளவு எழுத்தை 30 முதல் 50 செ.மீ. தூரத்தில் படிக்கச் சொல்வார்கள். வீட்டிலேயே ஒருமுறை சோதித்துவிட்டுப் போங்கள். சான்றிதழில் "கண்ணாடி அணிந்திருக்க வேண்டும், மாற்றுக் கண்ணாடி கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்" என்ற நிபந்தனை ஏறும். ஆர்22-இல் சாமான் பெட்டி இருப்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இருக்கைக்கு அடியில். அங்கே வைத்த மாற்றுக் கண்ணாடியைப் பறக்கும்போது எடுக்கவே முடியாது. சட்டைப்பையில் வையுங்கள்.

புரோகிரஸிவ் லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்றை யோசியுங்கள். ஹோவரிலும் (ஒரே இடத்தில் மிதக்கும்போது) இறங்கும்போதும் முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத் தரையைப் பார்க்க வேண்டிவரும். லென்ஸின் கீழ்ப்பகுதி வாசிப்புக்கானது. தரை மங்கலாகத் தெரியும், உயர மதிப்பீடு பிசகும். போலராய்டு குளிர்கண்ணாடியும் வேண்டாம். சில திரைகள் அதன் வழியே கறுத்துப்போகும், தூரத்து விமானத்தின் மினுக்கும் அடங்கிவிடும்.

நிறப்பார்வைக்கு முதலில் இஷிஹாரா தட்டுகள் (நிறப்புள்ளிகளுக்குள் மறைந்த எண்ணைப் படிக்கும் சோதனை). அதில் தவறினால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். விளக்குச் சோதனை, கணினிச் சோதனை என்று அடுத்த படிகள் உண்டு. நிறம் பூசிய லென்ஸ் போட்டுத் தேற முயல்வது மட்டும் செல்லாது.

பிபி: எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) வரம்பு 155/95, ஐரோப்பாவில் 160/95. இதை மருந்தோடு எட்டினாலும் சரி. ஆம்லோடிபின் பொதுவாக ஏற்கப்படும் மருந்து. ஏசிஇ தடுப்பான்கள், சார்ட்டான்கள், தயாசைட் வகை நீர்மாத்திரைகளும் அப்படியே. குளோனிடின், மெத்தில்டோபா போல மூளை வழியாக வேலை செய்பவை பெரும்பாலும் ஏற்கப்படாது. மருந்தோ அளவோ மாறினால் ஒன்றிரண்டு வாரம் பறக்காமல் பக்கவிளைவு பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், கணுக்கால் வீக்கம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்த்தாலே பிபி ஏறுபவர் என்றால் ஒரு வாரத்துக் காலை, மாலை அளவுகளைத் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள். அன்று காபி வேண்டாம்.

காது: கிளாஸ் 1-இல் 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது, 3000-இல் 50 வரை. முந்தைய நாள் ஹெலிகாப்டரிலோ வேறு இரைச்சலிலோ இருந்துவிட்டு ஆடியோகிராமுக்குப் போனால் தற்காலிகச் செவிமந்தம் அப்படியே பதிவாகிவிடும். காதில் மெழுகு அடைப்பு இருந்தால் சில நாள் முன்பே எடுத்துவிடுங்கள். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் பார்ப்பார்கள். முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி செய்தால் புரதம் தெரியக்கூடும், வீண் மறுபரிசோதனை.

படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். ஆம்லோடிபின் என்று எழுதினால் ஒரு வரி விளக்கம் போதும். எழுதாமல் விட்டுப் பிறகு தெரிந்தால், நோய்க்காக அல்ல, பொய்க்காக உரிமம் போகும். கண்ணாடிச் சீட்டு, மருந்துப் பட்டியல், பழைய இசிஜி, அறுவை சிகிச்சை ஏதும் நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சுருக்கம் இவற்றின் நகல்கள் கையில் இருக்கட்டும்.

---

சுழல்தட்டு

(இ)-க்கு வருகிறேன். இதற்கு அரைகுறை பதில் ஆபத்து, அதனால் கொஞ்சம் நீளும்.

ஆர்22, ஆர்44, ஆர்66, பெல் 206 எல்லாவற்றிலும் இரண்டே பிளேடு. இரண்டும் சேர்ந்து சீசா பலகை போல மாஸ்ட்டின் (ரோட்டரைச் சுழற்றும் செங்குத்துத் தண்டு) உச்சியில் ஆடும். உடல் அந்த ரோட்டருக்குக் கீழே தொங்குகிறது. நீங்கள் சைக்ளிக்கை இடப்பக்கம் கொண்டுபோனால் உடல் நேராகச் சாய்வதில்லை. முதலில் ரோட்டர் தட்டு (பிளேடுகள் சுற்றும் வட்டம்) சாய்கிறது. சாய்ந்த தட்டின் தூக்குவிசைதான் உடலை இழுத்துக்கொண்டு வருகிறது. தூக்குவிசை இல்லாவிட்டால்? தட்டு மட்டும் சாயும். உடல் தன் போக்கில் இருக்கும்.

இப்போது ஒரு மேட்டைக் கடந்ததும் உயரத்தைக் குறைக்க சைக்ளிக்கை வெடுக்கென்று முன்னால் தள்ளுகிறீர்கள். இருக்கையில் எடை குறைவதுபோல் இருக்கும். அதுதான் லோ-ஜி. அந்த நொடியில் முதன்மை ரோட்டரின் தூக்குவிசை கிட்டத்தட்டப் போய்விட்டது. ஆனால் டெயில் ரோட்டர் (வாலில் உள்ள சிறிய விசிறி) வழக்கம்போல வலப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அது எடைமையத்துக்கு மேலே இருப்பதால் உடல் வலப்பக்கம் உருளும், வேகமாக. (மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும் ரோட்டர்களுக்கு இந்தக் கணக்கு, ராபின்சன், பெல் எல்லாம் அப்படித்தான்.)

இங்கேதான் உங்கள் "இயல்பு" வில்லனாகிறது. இடப்பக்கம் சைக்ளிக் கொடுத்தால் தட்டு இடப்பக்கம் சாயும், உடலோ வலப்பக்கம் உருண்டுகொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையிலான கோணம் ஆட்ட எல்லையைத் தாண்டும். பிளேடின் அடிப்பகுதி மாஸ்ட்டை இடிக்கும். ஆர்22 ரோட்டர் வினாடிக்கு ஏறத்தாழ 9 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு இடி வீதம் எண்ணிப் பாருங்கள். மாஸ்ட் அறுந்துவிடும், அல்லது பிளேடு கேபினுக்குள் வரும். அதன்பிறகு செய்வதற்கு எதுவும் கிடையாது.

மீளும் முறை, வரிசை முக்கியம்: முதலில் சைக்ளிக்கை மெதுவாகப் பின்னால் எடுங்கள். இருக்கையில் எடை திரும்புவதை உணர்வீர்கள்; ரோட்டரில் சுமை ஏறிவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகுதான் இடப்பக்கம் கொடுத்து உருளலைச் சரிசெய்ய வேண்டும். எடை திரும்பும் வரை சாய்வு எவ்வளவு மோசமாகத் தெரிந்தாலும் பக்கவாட்டில் கையை அசைக்கக் கூடாது. ராபின்சனின் பாதுகாப்புக் குறிப்பு எஸ்என்-11 சொல்வதும் இதையேதான்.

இதைப் பறந்து பழக முடியாது. வேண்டுமென்றே லோ-ஜிக்குள் போவது தடை. ஆகவே தவிர்ப்பதுதான் வழி:

உயரம் குறைக்க வேண்டுமென்றால் கலெக்டிவை (எல்லாப் பிளேடுகளின் கோணத்தையும் ஒருசேர மாற்றும் நெம்புகோல்) குறையுங்கள், சைக்ளிக்கை முன்னால் குத்தாதீர்கள். கொந்தளிப்பான காற்றில் வேகத்தை 60–70 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதிக வேகமும் அதிக பவரும் உருளலை மோசமாக்கும். தனியாகப் பறக்கும்போது ஹெலிகாப்டர் இலகுவாக இருப்பதால் காற்று இன்னும் அதிகமாகத் தூக்கிப்போடும். ஆர்22 கையேட்டில் ஒரு வரம்பு இருக்கிறது: ஹெலிகாப்டரில் 200 மணி நேரமும் அதில் ஆர்22-இல் 50 மணி நேரமும் முடிக்காதவர், தரைக்காற்று குத்துக்காற்றோடு சேர்த்து 25 நாட்டைத் தாண்டினாலோ, குத்துக்காற்றின் ஏற்ற இறக்கம் 15 நாட்டைத் தாண்டினாலோ கிளம்பக் கூடாது. தொடர் விபத்துகளுக்குப் பிறகு 1990-களின் நடுவில் வந்த வரம்பு இது. எஃப்ஏஏ 1995-இல் ஆர்22, ஆர்44 பைலட்களுக்கென்றே எஸ்எஃப்ஏஆர் 73 என்ற தனி விதியைக் கொண்டுவந்ததும் அதனால்தான்.

ஆனால் உங்கள் முதல் 50 மணி நேரத்தில் லோ-ஜியைவிட அடிக்கடி எதிரே வரப்போவது ரோட்டர் ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) சரிவு. ஆர்22 ரோட்டர் இலகுவானது, சேமிப்பு சக்தி குறைவு. இன்ஜின் நின்றால் கலெக்டிவை முழுதும் இறக்க ஒன்றிரண்டு வினாடிதான் அவகாசம். தூக்குவிசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 சதவீதம் ஆர்பிஎம் போனால் 19 சதவீதம் தூக்கு போகும். கீழே போகிறோமே என்று கலெக்டிவை இழுத்தால் பிளேடின் கோணம் கூடி ஆர்பிஎம் இன்னும் விழும். ஏறத்தாழ 80 சதவீதம், அதோடு ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் 1 சதவீதம்: அதற்குக் கீழே ரோட்டர் ஸ்டால் ஆகிவிடும் (பிளேடுகள் தூக்குவிசையை இழந்துவிடும்), மீட்க முடியாது. 97 சதவீதத்தில் எச்சரிக்கை ஹாரன் அடிக்கும்போதே த்ராட்டிலைத் (இன்ஜின் பவரைக் கூட்டும் பிடி) திறந்துகொண்டே கலெக்டிவை இறக்குங்கள். முன்வேகம் இருந்தால் கூடவே சைக்ளிக்கைச் சற்றுப் பின்னால் எடுங்கள். பயந்துபோய் த்ராட்டிலை இறுக்கிப் பிடிப்பவர்கள் கவர்னரை (ஆர்பிஎம்மைத் தானாகச் சீராக வைக்கும் கருவி) வேலை செய்ய விடுவதில்லை, ஹாரன் அடிப்பதற்கே பல நேரம் அதுதான் காரணம். விரல்கள் தளர்வாக இருக்கட்டும்.

---

காற்றாடி

அருமை, "தட்டு சாய்கிறது, உடல் தொங்குகிறது" என்றதும் எல்லாம் விளங்கிவிட்டது. அப்படியானால் மூன்று பிளேடு ஹெலிகாப்டரில் பயிற்சி எடுத்தால் இந்தத் தொல்லை இல்லைதானே? ஸ்வைட்ஸர் 300, கப்ரி ஜி2 இரண்டும் கிடைக்கும் இடம் உண்டு.

---

ஸ்பானர்

மாஸ்ட் பம்பிங் இல்லை. அதற்குப் பதில் வேறு வரும்.

ஸ்வைட்ஸர் 300-இல் பிளேடுகள் முன்பின்னாகவும் அசையும் கீல்கள் உண்டு. தரையில் ஒரு ஸ்கிட் (சக்கரத்துக்குப் பதிலான இறங்குசட்டம்) முரட்டுத்தனமாகப் பட்டால் பிளேடுகளின் இடைவெளி பிசகி, எடைமையம் விலகி, கிரவுண்ட் ரெஸனன்ஸ் ஆரம்பிக்கும். சில வினாடியில் ஹெலிகாப்டர் தன்னைத்தானே குலுக்கி உடைத்துக்கொள்ளும். ஆர்பிஎம் பச்சைப் பட்டையில் (இயல்பு வரம்பில்) இருந்தால் உடனே தரையைவிட்டுத் தூக்குங்கள், குலுக்கல் அடங்கும். இல்லாவிட்டால் கலெக்டிவை இறக்கி த்ராட்டிலை மூடுங்கள். டாம்பர்களும் (அதிர்வடக்கிகள்) ஸ்கிட் ஸ்ட்ரட் அழுத்தமும் சரியாக இல்லாத ஹெலிகாப்டரில்தான் இது அதிகம், அதனால் கிளம்பும் முன் அவற்றைக் கண்ணால் பாருங்கள்.

கப்ரி ஜி2-இன் ரோட்டர் எதிர்த் திசையில் சுற்றும். ராபின்சனில் வரும் பெடல் பழக்கமெல்லாம் இதில் தலைகீழாகும். பவர் கூட்டினால் வலது பெடல். ஃபெனெஸ்ட்ரான் வால்விசிறி என்பதால் திடீர்த் திரும்பலைத் தடுக்க அரைமனதாக மிதித்தால் போதாது, பெடலைக் கடைசி வரை மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். அதில் பழகிவிட்டு ஆர்44-க்கு மாறினால் கால் குழம்பும். முடிவில் ஆர்44 ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஆர்22-லேயே ஆரம்பிப்பது நல்லது என்பது என் கட்சி.

உங்கள் எடையை இதுவரை யாரும் பேசவில்லை. மெடிக்கல் பாஸானாலும் ஆர்22 இருக்கை வரம்பு 109 கிலோ, அடியில் உள்ள பெட்டிச் சாமானையும் சேர்த்து. 98-இல் நீங்கள் உள்ளே வந்துவிடுகிறீர்கள். மொத்த எடையைக் கூட்டுங்கள்: ஆர்22-இன் பீட்டா 2 வகைக்கு உச்ச எடை 622 கிலோ. காலி எடை 395 என்று வைத்தால் மிச்சம் 227. நீங்கள் 98, பயிற்றுநர் 85, ஆக 183. எரிபொருளுக்கு 44 கிலோதான், அதாவது 61 லிட்டர் அளவு. மணிக்கு 30–35 லிட்டர் குடிக்கும். இருப்பு போக ஒன்றேகால் மணி நேரப் பாடம் சுமுகமாக நடக்கும். பயிற்றுநர் 100 கிலோ என்றால் 29 கிலோ, 40 லிட்டர். வெயில் நாளில் ஹோவரில் பவரும் கையிருப்பு இருக்காது. 10 கிலோ குறைத்தால் பிபிக்கும் நல்லது, ஸ்டெத் சந்தோஷப்படுவார்.

ராபின்சனில் தினமும் பார்க்க வேண்டியவற்றில் புதியவர்கள் தவறவிடும் மூன்று: ரோட்டர் தலையில் டீட்டர் ஸ்டாப் ரப்பர்களில் (பிளேடுகளின் சீசா ஆட்டத்தைத் தடுத்து நிறுத்துபவை) வெடிப்பு, பிளேடு நுனிப் பக்கம் அடியில் பெயின்ட் தேய்ந்து பிளேடின் மேல்தகடும் ஸ்பாரும் (பிளேடின் முதுகெலும்பு) ஒட்டும் கோடு வெளியே தெரிகிறதா என்பது, கியர்பாக்ஸ், பேரிங் மேல் ஒட்டியிருக்கும் வெப்பப் பட்டையில் நேற்றைவிட ஒரு கட்டம் கூடுதலாகக் கறுத்திருக்கிறதா என்பது. பறக்கும்போது கிளட்ச் விளக்கு ஓரிரு வினாடி எரிந்து அணைந்தால் பெல்ட் இறுக்கத்தைச் சரிசெய்கிறது என்று அர்த்தம். 10 வினாடியாகியும் அணையாவிட்டால் கிளட்ச் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டு, பவரைக் குறைத்து, உடனே இறங்குங்கள்.

கார்புரேட்டர் பனியும் ஒன்று. மேனிஃபோல்டு அழுத்தம் (இன்ஜின் பவரைக் காட்டும் அளவு) 18 அங்குலத்துக்குக் கீழே போனால் வெப்பமானியை நம்பாமல் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் பிடி) முழுதாக இழுக்க வேண்டும். கவர்னர் பனியை மறைத்துவிடும்: த்ராட்டிலைத் தானே திறந்து ஆர்பிஎம்மைக் காப்பாற்றிக்கொண்டே போகும், கடைசியில் திறக்க இடமில்லாதபோதுதான் உங்களுக்குத் தெரியும்.

---

இறங்குதளம்

வோர்டெக்ஸ் ரிங் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இரண்டு மீட்பு முறை பற்றி அங்கங்கே சண்டை நடக்கிறது. நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் இறக்கம், முன்வேகம் கிட்டத்தட்ட இல்லை, பவர் போட்டிருக்கிறீர்கள்: மூன்றும் சேர்ந்தால் ரோட்டர் தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே விழும். பின்காற்றோடு இறங்கினால் தெரியாமலே அந்த மூன்றும் சேர்ந்துவிடும். பழைய முறை கலெக்டிவைக் குறைத்து சைக்ளிக்கை முன்னால் கொடுப்பது. வேலை செய்யும், ஆனால் உயரம் நிறையச் செலவாகும். வுய்ச்சார்டு முறையில் ஏறும் அளவு பவர் போட்டு, இடது பெடலால் மூக்கை நேரே வைத்து, சைக்ளிக்கை வலப்பக்கம் கொடுக்க வேண்டும். டெயில் ரோட்டரும் அதே பக்கம் தள்ளுவதால் சுழலைவிட்டு பக்கவாட்டில் சீக்கிரம் வெளியேறலாம், இழப்பு 20–50 அடிதான். இறங்குதளத்தை நெருங்கும்போது 20–50 அடிக்கும் சில நூறு அடிக்கும் உள்ள வித்தியாசம் எதைக் குறிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டையும் பழகுங்கள், உயரத்தில் வைத்து.

டைனமிக் ரோல்ஓவர்: தூக்கும்போது ஒரு ஸ்கிட் மண்ணிலோ கட்டுக்கயிற்றிலோ மாட்டினால் அதையே அச்சாகக் கொண்டு சாயும். 5–8 டிகிரி தாண்டினால் எதிர்ப்பக்க சைக்ளிக் எடுபடாது. கலெக்டிவைச் சீராக இறக்குங்கள். வெடுக்கென்று போட்டால் மறுபக்கம் புரளும்.

---

சுழல்தட்டு

ஸ்டெத் சொன்ன மெடிக்கலோடு சேர்த்து ஒன்று. கிளாஸ் 1-இல் காது, சமநிலை எல்லாம் முழு மதிப்பெண் வாங்கினாலும் மேகத்துக்குள் அந்தக் காது பொய் சொல்லும். 2020 ஜனவரி 26 அன்று கலிஃபோர்னியாவில் கலாபாசஸ் மலைச்சரிவில் விழுந்த சிகோர்ஸ்கி எஸ்-76பி-யில் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் இறந்தார்கள். மேகத்துக்குள் பைலட் திசையுணர்வை இழந்ததே காரணம் என்பது அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பியின் முடிவு. மேலே ஏறிக்கொண்டிருப்பதாக அவர் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்ன நேரத்தில் ஹெலிகாப்டர் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இதில் மருத்துவக் குறை எதுவுமில்லை. எந்த ஆரோக்கியமான காதும் அப்படித்தான் ஏமாறும்.

ஆர்22-க்குத் தானியங்கி நிலைப்படுத்தல் கிடையாது, சைக்ளிக்கை விட்டால் நேராக நிற்காது. ஆகவே பார்வை குறையும்போது எண் வைத்து முடிவெடுங்கள்: பயண வேகத்திலிருந்து 30 நாட் தானாகக் குறைத்துவிட்டீர்களா, அல்லது 500 அடிக்குக் கீழே இறங்கிவிட்டீர்களா? இரண்டில் ஒன்று நடந்தால் திரும்புங்கள், அல்லது கிடைத்த வயலில் இறங்குங்கள். ஹெலிகாப்டரின் பெரிய வசதியே அதுதான், ஆனால் பயன்படுத்துபவர்கள் குறைவு. தாழப் பறக்கும்போது மின்கம்பிகளைத் தேடாதீர்கள், தெரியாது. கம்பங்களைத் தேடுங்கள், கடக்கும்போது கம்பத்தின் உச்சிக்கு மேலேயே கடங்கள்.

---

காற்றாடி

நிறைய நன்றி. கடைசியாக ஒன்று: சளி, தும்மலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு பாடத்துக்குப் போகலாமா? எனக்கு வருடத்தில் பாதி நாள் தும்மல்.

---

ஸ்டெத்

மாத்திரையைப் பொறுத்தது. டைஃபென்ஹைட்ரமின் (இருமல் சிரப்புகளிலும் தூக்க மாத்திரைகளிலும் ஒளிந்திருக்கும்) போட்டால் எஃப்ஏஏ கணக்கில் 60 மணி நேரம் பறக்கக் கூடாது. செட்ரிசினும் தூக்கம் வரவழைக்கும், 48 மணி நேரம். லோராடடின், ஃபெக்சோஃபெனடின் இரண்டும் ஒத்துக்கொண்டால் பறக்கலாம். முதல் சில வேளைகளைத் தரையில் இருக்கும்போது போட்டுப் பாருங்கள். தினசரித் தேவை என்றால் மெடிக்கல் படிவத்தில் இதையும் எழுதுங்கள்.

மாத்திரை சரி என்றாலும் மூக்கு அடைத்திருந்தால் போக வேண்டாம். ஹெலிகாப்டர் தாழத்தானே பறக்கிறது என்று நினைப்பார்கள். உயரம் மாறும்போது காற்றழுத்தம் வேகமாக மாறுவது தரைக்கு அருகில்தான். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிப் பாருங்கள். இரண்டு காதும் 'பட்' என்று திறந்தால் போகலாம். ஒன்று திறக்கவில்லை என்றாலும் பாடத்தைத் தள்ளிப்போடுங்கள்.